ஈஸ்ட்டத்தான் திட்டுனாரு

அமெரிக்காவில் வீட்டு பீர்ப் போட்டிகளில் நடுவர்கள் 50க்கு மதிப்பெண் போடுகிறார்கள். நடைமுறையில் அவர்கள் கொடுக்கும் மிகக் குறைந்த மதிப்பெண் 13. ஏட்டளவில் பூஜ்யம் வரை இறங்க இடம் உண்டு, இறங்குவதில்லை. மூடியைத் திறந்ததும் பாதி பீர் பொங்கி மேசையில் ஓடி, மிச்சம் காடியாகப் புளித்திருந்தாலும் 13 உண்டு. ஒரு மனிதர் முளைகட்டிய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, சாறு இறக்கி, ஹாப்ஸ் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, வாரக்கணக்கில் காத்திருந்து, பாட்டிலில் அடைத்து, நுழைவுக் கட்டணமும் கட்டி அனுப்பியிருக்கிறார். அந்தப் பாடுகளுக்கெல்லாம் போடும் கும்பிடு இந்த 13.

எனக்கு பீரைவிட இந்த மாதிரி விஷயங்களில்தான் ருசி அதிகம். ஒருவர் வீட்டில் காய்ச்சிய பீரை நண்பர் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, குடித்தவர் என்ன சொல்கிறார், எந்த வார்த்தையில் தொடங்குகிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கவனித்துக் கேட்பேன். நல்ல விமர்சகர் வாயிலிருந்து வரும் இரண்டு வாக்கியத்தில் ஒரு வெண்பாவுக்குரிய கட்டுக்கோப்பு இருக்கும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிவுக்கு வந்தபோது வீட்டில் ஒயின் செய்துகொள்ள அனுமதி கிடைத்தது; பீர் விடுபட்டுப்போனது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதைச் சரிசெய்தது. தனியாள் ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீடு 200 காலன் காய்ச்சலாம், விற்கக் கூடாது. அதே ஆண்டில் கொலராடோவின் போல்டர் நகரில் சார்லி பபேசியனும் சார்லி மாட்சனும் வீட்டு பீர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1985இல் நடுவர்களைத் தேர்வு வைத்துச் சான்று கொடுக்கும் அமைப்பு, பி.ஜே.சி.பி., வந்தது. மாநிலச் சட்டங்கள் மெல்ல மெல்ல வழிவிட்டன. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன. (தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டில் காய்ச்சினால் விமர்சனம் எழுத வருபவர் காவல் ஆய்வாளராகத்தான் இருப்பார். ஆகவே இந்தக் கட்டுரை அமெரிக்காவிலேயே நடக்கட்டும்.)

அந்த நடுவர்கள் மதிப்பெண் போடும் தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதலில் வாசனை, 12 மதிப்பெண். அடுத்து தோற்றம், 3. பிறகு சுவை, 20. வாயில் அது நிற்கும் விதம் (கனம், குமிழ், துவர்ப்பு), 5. கடைசியாக ஒட்டுமொத்த எண்ணம், 10. கண்ணுக்கு 3 மட்டுமே என்பதைக் கவனித்தீர்களா? கலங்கலாக இருக்கிறது, நுரை நிற்கவில்லை என்று குறை சொல்வது யாருக்கும் எளிது. எளிதான குறைக்குத் தாள் அதிக இடம் தரவில்லை. வாசனையை முதலில் வைத்ததற்கும் காரணம் உண்டு. ஊற்றிய முதல் நிமிடத்தில் இருக்கும் கந்தக வாடை போன்றவை அடுத்த நிமிடம் பறந்துவிடும். அதனால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பே மூக்கைக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். பீர் எந்த வரிசையில் தன்னைக் காட்டுகிறதோ அதே வரிசையில் தாளும் நடக்கிறது.

தாளின் அடியில் சில அளவுகோல் கோடுகள் இருக்கும். தொழில்நுட்பம் குறையற்றதா, குறை மிகுந்ததா என்று ஒரு கோடு. இந்த வகைக்கு இது பொருந்துகிறதா என்று இன்னொன்று. மூன்றாவது, எந்த அளவுக்கும் பிடிபடாத விஷயத்துக்கு: ஒரு முனையில் அற்புதம், மறு முனையில் உயிரற்றது. குறையே இல்லாத பீர் உயிரற்றதாக இருக்கலாம் என்பதையும், ஓட்டை உடைசலான பீரில் உயிர் துடிக்கலாம் என்பதையும் ஒத்துக்கொள்ளும் கோடு அது. எந்த அரசாங்கப் படிவத்திலும் இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை. 13உம் அதற்குக் கீழும் உள்ள கடைசிப் படிக்குக்கூட ‘மோசம்’ என்று பெயர் வைக்கவில்லை, ‘சிக்கலுள்ளது’ என்கிறார்கள்.

நடுவர்கள் இரண்டு பேராவது உட்காருவார்கள். பாட்டிலில் பெயர் இருக்காது, எண் மட்டும். இருவரும் எழுதி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒருவர் முகம் சுளித்தால் மற்றவர் நாக்கும் சுளிக்கும் என்பது தெரிந்த சங்கதி. பிறகு மதிப்பெண்களை ஒப்பிடுவார்கள். 7க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி குடித்துப் பேசி நெருங்கிவர வேண்டும். ஒயின் ருசிப்பவர்கள் துப்புவதுபோல இவர்கள் துப்புவதில்லை. விழுங்கிவிட்டு மூக்கு வழியாக மூச்சை விடும்போதுதான் பாதி வாசனை எழும்.

நண்பர் வீட்டு வரவேற்பறையில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பாட்டிலில் பெயர் இருக்கிறது. பெயருக்குரியவர் எதிரிலேயே இருக்கிறார். 5 காலன் காய்ச்சினால் ஐம்பது பாட்டிலுக்குக் கொஞ்சம் கூட வரும். அதாவது, நீங்கள் குறை சொல்லும் பீர் இன்னும் நாற்பது பாட்டில் அவர் அலமாரியில் காத்திருக்கிறது. இந்த நெருக்கடியில் பெரும்பாலோர் ‘சூப்பர்’ என்று சொல்லித் தப்பிவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் ‘நயம் பாராட்டுக’ என்ற கேள்விக்கு எழுதிய விடை ஞாபகம் இருக்கிறதா? எதுகை நயம், மோனை நயம், சந்த நயம் என்று தலைப்புகளைப் போட்டுவிட்டு, ‘கவிஞர் மிக அழகாகப் பாடியுள்ளார்’ என்று முடிப்போம். எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் விடை. அதனாலேயே எந்தப் பாட்டையும் தொடாத விடை. ‘சூப்பர்’ அந்த வம்சம். காய்ச்சியவர் அதைக் கேட்டுச் சிரிப்பார், ஆனால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ரசிகமணி டி.கே.சி.யை எண்ணிப் பாருங்கள். கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொக்கிப்போனவர். அவரேதான் மனசுக்கு ஒட்டாத பாடல்களை இடைச்செருகல் என்று கூசாமல் ஒதுக்கியவர். ஒதுக்கியது சரியா என்பது தனி வழக்கு. உருகத் தெரிந்த நாக்குக்குத்தான் உறுத்தலும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கேட்டு ரசித்த ஒரு விமர்சனத்தைச் சொல்கிறேன். நண்பர் மதுரைக்காரர், அமெரிக்காவில் மென்பொருள் வேலை. உள்ளூர் வீட்டு பீர்ச் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்குத் தான் காய்ச்சிய பில்ஸ்னர் வகை பீரைக் கொண்டுபோயிருந்தார். சங்கத்தில் வயதான ஓர் அமெரிக்கர், பல வருட நடுவர். கிளாஸை வாங்கி முகர்ந்தார். உடனே குடிக்கவில்லை, உள்ளங்கையில் ஏந்திக் கொஞ்சம் சூடேற்றி மறுபடி முகர்ந்தார். பிறகு குடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது பயிற்சி. நாக்கு தீர்ப்பு சொல்வதற்கு முன்பு புருவம் சொல்லிவிடக் கூடாது.

அவர் முதலில் கேட்டது: “செக் பாணியா, ஜெர்மன் பாணியா?”

நண்பர், “ஜெர்மன்” என்றார்.

“ஹாப்ஸ் ஹாலர்டாவா? பூ வாசனையும் மிளகு வாசனையும் சேர்ந்து மேலே நிற்கிறது. கசப்பு சுத்தமாக முடிகிறது. எப்போது குளிருக்கு மாற்றினீர்கள்?”

நண்பர் சொன்னார். பெரியவர் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: “ஈஸ்ட் இன்னும் வேலையை முடிக்கவில்லை. கொஞ்சம் வெண்ணெய் மிச்சம் வைத்துவிட்டது. அடுத்த முறை, கடைசி இரண்டு மூன்று நாள் அதைச் சற்று வெதுவெதுப்பில் விட்டுப் பாருங்கள்.”

இவ்வளவுதான். இதைப் பதம் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் கேள்வியிலேயே பாதி நயம் இருக்கிறது. செக் நாட்டு பில்ஸ்னரில் லேசான வெண்ணெய் வாசனை இருக்கலாம்; அங்கே அது குணம். ஜெர்மன் பில்ஸ்னரில் அது குறை. ஆக, நண்பர் ‘செக்’ என்று சொல்லியிருந்தால் பெரியவரின் கடைசி வாக்கியம் வந்திருக்காது, அல்லது பாராட்டாக வந்திருக்கும். நீ என்ன செய்ய நினைத்தாய் என்று தெரிந்துகொள்ளாமல், செய்தது சரியா என்று சொல்ல அவர் தயாராக இல்லை.

இரண்டாவது, ஹாப்ஸின் பெயர். ‘நல்ல மணம்’ என்று சொன்னால் அது ‘சூப்பர்’தான். ஹாலர்டாவா என்று கேட்டபோது நண்பரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடையில் நாலு வகையை முகர்ந்து பார்த்து, யோசித்து, அதை எடுத்திருக்கிறார். ஒருவர் எடுத்த முடிவைக் கண்டுபிடித்துச் சொல்வதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மூன்றாவது, குளிருக்கு மாற்றியது பற்றிய கேள்வி. அவருக்கு விடை ஏறக்குறைய தெரியும். ஆனாலும் நடுவர் பயிற்சியில் ஒரு பாடம் உண்டு: காய்ச்சியவர் என்ன செய்தார் என்று நீயாக முடிவு கட்டாதே. சீக்கிரம் மாற்றிவிட்டீர்கள் என்று அவர் சொல்லியிருந்தால் குற்றச்சாட்டு. எப்போது மாற்றினீர்கள் என்றதும் நண்பரே கணக்குப் போட்டு, விடை சொல்லும்போதே குறையைப் பாதி கண்டுபிடித்துவிட்டார்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: வாக்கியத்தின் எழுவாய். வேலையை முடிக்காதது ஈஸ்ட். மிச்சம் வைத்ததும் ஈஸ்ட். இது வெறும் நாசூக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ரசாயனமும் அப்படித்தான் சொல்கிறது. ஈஸ்ட் பெருகும்போது ஒரு பொருளைக் கசியவிடும். அது பீருக்குள் டைஅசிட்டைலாக மாறும். சினிமா தியேட்டர் பாப்கார்னில் மணக்கிற அதே வெண்ணெய் வாசனைப் பொருள். பிறகு நொதித்தல் முடியும் தறுவாயில் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உள்ளே இழுத்து, வாசனையற்ற வேறொன்றாக்கிவிடும். 10 முதல் 13 டிகிரி குளிரில் வேலை செய்யும் லாகர் ஈஸ்ட்டுக்கு இந்தத் துப்புரவு வேலை மந்தமாக நடக்கும். கடைசியில் 18 டிகிரி வாக்கில் சில நாள் விட்டால் சுறுசுறுப்பாக முடித்துவிடும். ஆகவே பெரியவர் சொன்னது முழு உண்மை; அந்த உண்மையின் பல முகங்களில் நண்பரைக் குத்தாத முகத்தைத் தேர்ந்தெடுத்தார், அவ்வளவே. அவர் வாயில் ‘டைஅசிட்டைல்’ என்ற வார்த்தையும் வரவில்லை. ‘வெண்ணெய்’ என்றார். நண்பர் அடுத்த மிடறில் அதைத் தானே ருசித்துக் கண்டுபிடிக்க முடிந்தது.

ஐந்தாவது, ‘அடுத்த முறை’. இந்தப் பீர் முடிந்த கதை. நடக்கப்போவதைப் பற்றித்தான் பேச்சு.

காரில் திரும்பி வரும்போது நண்பர் சொன்னார்: “மாப்ள, அவரு என்னைய ஒண்ணுமே சொல்லல பாத்தியா. ஈஸ்ட்டத்தான் திட்டுனாரு.”

எல்லாக் குறைக்கும் ஈஸ்ட் கைகொடுக்காது. இன்னொரு வீட்டில் குடித்த பீரில் டெட்டால் வாசனை அடித்தது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகிறது. மிகச் சொற்ப அளவே போதும், மருத்துவமனை வராந்தாவில் நிற்பது போலிருக்கும். அமெரிக்காவில் பல நகரங்கள் குளோரினுக்குப் பதில் குளோரமின் சேர்க்கின்றன. கொதிக்கவைத்தால் அது லேசில் போகாது. அதைப் போக்க காம்ப்டன் மாத்திரை ஒன்று 20 காலன் தண்ணீருக்குப் போதும். இப்படிப்பட்ட பீரைக் குடித்துவிட்டு ஒருவர், “உங்க ஊர்த் தண்ணில குளோரமின் போடுறாங்களா?” என்று கேட்டார். பழி அழகாக நகராட்சிக்குப் போய்விட்டது. ஆனால் அது கேள்வியாகவும் இருந்ததால், பாத்திரத்தை ப்ளீச் போட்டுக் கழுவிவிட்டுச் சரியாக அலசாமல் விட்டிருந்தால் அதைக் காய்ச்சியவர் தானே சொல்லிக்கொள்ளவும் வழி இருந்தது.

கோதுமை பீர் விஷயம் வேறு. பவேரியக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்க வேண்டும். அந்த ஈஸ்ட் அதற்காகவே போற்றப்படுகிறது. தெரியாதவர், “பழம் போட்ருக்கியா?” என்று கேட்டு நண்பரின் வெற்றியைக் குறையாக்கிவிடுவார். அதே வாழைப்பழம் பில்ஸ்னரில் வந்தால் நொதித்தல் சூட்டில் நடந்துவிட்டது என்று பொருள்.

வெயில் பட்ட பீருக்கு நான் கேட்ட மிகச் சின்ன விமர்சனம், “பாட்டில் வெயில் பாத்திருக்கு.” ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து, ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் நாற்றத்தின் நெருங்கிய உறவாகிவிடும். பச்சைப் பாட்டிலும் வெள்ளைப் பாட்டிலும் அதைத் தடுப்பதில்லை. மூன்று வார்த்தையில் காரணம், இடம், பரிகாரம் மூன்றும் இருக்கின்றன. காய்ச்சியவர் கைத்திறனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நயம் பார்க்கக் கூடாத இடமும் உண்டு. திறக்கும்போதே பீறிட்டுப் பொங்குகிறது, குடித்தால் புளிக்கிறது என்றால் உள்ளே காட்டு நுண்ணுயிர் புகுந்து சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கிறது. மிச்சப் பாட்டில்களில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்; கண்ணாடி வெடிக்கும். அங்கே பூ வாசனை, மிளகு வாசனை என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் வை, கண்ணாடி போட்டுக்கொண்டு திற, குழந்தைகளைப் பக்கத்தில் விடாதே என்று நேராகச் சொல்லிவிட வேண்டும்.

அலுவலகங்களில் கற்றுத்தரும் முறை ஒன்று உண்டு: முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு. இந்தக் கட்டுச்சோற்றை எனக்குப் பிடிக்காது. கேட்பவருக்கு இந்தத் தந்திரம் தெரியும். முதல் பாராட்டைக் கேட்டதுமே அடி எங்கே விழப்போகிறது என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவார். பாராட்டும் வீண், குறையும் வீண். கிளாஸ் எந்த வரிசையில் பேசியதோ அதே வரிசையில் சொல்லிப்போவதே நேர்மை. முகர்ந்ததும் வந்தது, வாயில் வைத்ததும் தெரிந்தது, விழுங்கியபின் நின்றது. நல்லதும் கெட்டதும் வந்த வரிசையில் வரட்டும். நாமாக அடுக்க வேண்டாம்.

இன்னொன்று, மூக்கின் மேல் அதிக நம்பிக்கை கூடாது. வெண்ணெய் வாசனையைச் சிறிதும் உணர முடியாதவர்கள் இருக்கிறார்கள். சோளம் வெந்த வாசனையைத் துளியில் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல நடுவருக்குத் தன் மூக்கின் குருட்டுப்புள்ளி எது என்று தெரியும். அதனால்தான் ‘எனக்கு இப்படிப் படுகிறது’ என்பது அவர்கள் வாயில் உபசார வார்த்தையாக ஒலிப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. “குடிக்கத் தந்தியா, கருத்துச் சொல்லத் தந்தியா?” சனிக்கிழமை மாலை துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று பாட்டிலை நீட்டியவரிடம் 12, 3, 20 என்று பிரித்துப் பேசுவது அராஜகம். ‘கருத்துச் சொல்ல’ என்றால் அடுத்து, எந்தப் பாணி என்று கேளுங்கள். பிறகு அவசரப்படாமல் முகருங்கள்.

குடித்து முடித்ததும் பாட்டிலை உடனே அலசி வைத்துத் திருப்பிக் கொடுங்கள். அடியில் படிந்த ஈஸ்ட் காய்ந்துவிட்டால் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. அடுத்த காய்ச்சலுக்கு அவருக்கு அந்தப் பாட்டில் வேண்டும்.